சிவப்பு வந்தால் பழைய வண்டி

பொறாமைப்படுவதற்கும் ஒரு திறமை வேண்டும். எனக்கு அது பிறவியிலேயே அமைந்திருந்தது. எதிர் வீட்டுப் பெண்ணுக்கு அம்மை போட்டு, பதினைந்து நாள் பள்ளிக்கூடத்துக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவள் வேப்பிலைப் படுக்கையில் படுத்திருப்பதைப் பார்த்துக்கூட எனக்குப் பொறாமை வந்தது. ஆனால் அதெல்லாம் சில்லறைப் பொறாமை. நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது என் சித்தப்பா புது கார் வாங்கினார். என் திறமை முழுசாக வெளிப்பட்டது அப்போதுதான்.

எங்களிடமும் கார் இருந்தது. வம்பே அதில்தான். இல்லாதவர்கள் "எங்க வீட்ல கார் இல்ல" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நிற்கலாம். எங்களிடம் இருந்ததோ, கல்பாக்கம் டவுன்ஷிப்பில் ரிட்டயர் ஆகி ஊருக்குப் போன ஒருவரிடமிருந்து அப்பா வாங்கிய பழைய வண்டி. பிஸ்தா பச்சை நிறம். கியர் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே நீட்டிக்கொண்டிருக்கும். கடல் காற்று இரும்பைச் சும்மா விடாது. ஜன்னல் கம்பியே பொரிந்து உதிரும் ஊரில் கார் எம்மாத்திரம்? பின் சீட்டில் நான் உட்காரும் பக்கம், தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அதன்மேல் அம்மா ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டிருந்தாள். விரிப்பை விலக்கினால் கீழே ரோடு ஓடுவது தெரியும். அதுவரை எனக்கு அது வேடிக்கை. சித்தப்பா கார் வாங்கிய பிறகு மானப் பிரச்சினை.

ஆனாலும் அந்த வண்டி ஓடியது. ஒருநாள்கூட எங்களை நடுவழியில் இறக்கிவிட்டதில்லை.

அப்பாவுக்கு அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. காலையில் ஏழே முக்காலுக்கு ஆபீஸ் பஸ் தெருமுனைக்கு வந்து அழைத்துப் போகும். திரும்ப ஐந்தரை ஆகும். ஆகவே திங்கள் முதல் வெள்ளி வரை வண்டி அம்மாவுடையது. அம்மா திருக்கழுக்குன்றத்தில் டீச்சர். முன்பெல்லாம் நோட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் நின்றபடி போய்வந்தாள். ஒரு மழைநாளில் பஸ் வராமல் இரண்டு மணி நேரம் நனைந்து காய்ச்சலில் விழுந்தாள். அதற்குப் பிறகு அப்பாவே ஞாயிற்றுக்கிழமைகளில் டவுன்ஷிப் மைதானத்தில் வைத்து அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொள்ளும்போது எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் இருந்த முருங்கை மரத்தில் போய் இடித்தாள். மரம் முறிந்தது, பம்பர் நசுங்கியது. "ஏற்கெனவே நசுங்கின வண்டிதானே" என்று சொல்லிவிட்டு, அப்பா முருங்கைக்காயைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனார்.

சொந்தக்காரர்கள் கூட இருந்தால் மட்டும் அப்பாதான் ஓட்டுவார். அம்மா பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்படி யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் அது சட்டம்தான்.

சித்தப்பா செங்கல்பட்டில் டைல்ஸ் கடை வைத்திருந்தார். புது காரை சிங்கப்பெருமாள் கோயிலுக்கு ஓட்டிப்போய், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, மாலையும் சந்தனமுமாக நேரே எங்கள் வீட்டு வாசலில் வந்து நிறுத்தினார். வெள்ளி நிறம். தெருவே வந்து சுற்றி நின்றது. எங்கள் பச்சை வண்டி ஷெட்டுக்குள் இருந்தது. அது வெளியே தெரியாமல் இருக்கட்டும் என்று நான் ஷெட் கதவை மெல்லச் சாத்தினேன்.

சித்தப்பாவுக்கு ஒரே மகள். என்னைவிட மூன்றே மாதம் பெரியவள். அந்த மூன்று மாதத்துக்காக நான் அவளை அக்கா என்று கூப்பிட வேண்டும். அன்றைக்கு அவள் கார் கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு, கண்டக்டர் மாதிரி நின்றாள்.

"காலைத் தொடைச்சிட்டு ஏறு."

துடைத்துவிட்டு ஏறினேன். சீட்டில் இன்னும் பிளாஸ்டிக் உறை இருந்தது. உட்கார்ந்தால் மொறுமொறு என்று சத்தம். அந்த வாசனையை நான் என்னவென்று சொல்ல? புது ஸ்கூல் பேக், புது செருப்பு, பெயிண்ட் கடை எல்லாம் சேர்ந்த மாதிரி. ஜன்னலுக்குக் கைப்பிடி இல்லை, பட்டன். அதை நான் மூன்று முறை அமுக்கலாம் என்று அவள் அனுமதி கொடுத்தாள். மூன்றாவது முறை ஜன்னல் பாதியிலேயே நின்றுவிட்டது, நான் சீக்கிரமே விரலை எடுத்துவிட்டேன். "உன் டேர்ன் முடிஞ்சிடுச்சி" என்றாள். அவள் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில், சீட்டின் ஓரத்தில் பிளாஸ்டிக் உறையைக் கட்டைவிரல் அளவுக்குக் கிள்ளி எடுத்துக்கொண்டேன். ஒரு மாதம் அதை ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருந்தேன். கணக்கு வகுப்பில் எடுத்து முகர்ந்து பார்ப்பேன், அழுகை வரும்.

அன்றைக்குக் காபி குடிக்கும்போது சித்தி மெதுவாக, "நானும் அக்கா மாதிரி கத்துக்கலாம்னு பாக்கறேன்" என்றாள். அக்கா என்று அவள் சொன்னது என் அம்மாவை. சித்தப்பா வாயில் இருந்த மிக்சரோடு சிரித்தார். "நீ வண்டிய எட்த்தா எதிர்ல வர்றவன் கதி இன்னாவறது? மொதல்ல ஸ்கூட்டிய ஒழுங்கா ஸ்டாண்டு போடு." எல்லோரும் சிரித்தோம். சித்தியும் சிரித்தாள். நானும்தான் சிரித்தேன், அந்த நேரத்தில் புது கார்க்காரர்கள் எது சொன்னாலும் சிரிக்கத் தயாராக இருந்தேன்.

அவர்கள் போன பிறகு எங்கள் வீட்டில் பேச்சு ஆரம்பித்தது. நாமும் மாற்றலாமா, வேண்டாமா?

என் அப்பாவின் தொழிலே அளப்பது. எந்த மீட்டரின் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து எழுதுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். ஆனால் வீட்டில் ஒரு முடிவு எடுக்கச் சொன்னால் அவர் முள் நடுவிலேயே நின்று ஆடும். "பாக்கலாம்" என்பார். ஆபீஸ் பஸ்ஸில் விஷயத்தை விட்டிருக்கிறார். பஸ் முழுக்க இரண்டு கட்சியாகிவிட்டது. ஓடுகிற வண்டியை மாற்றுவது பைத்தியக்காரத்தனம் என்று டிரைவர் பக்க சீட்டுக்காரர்கள். ஓடுகிறபோதே மாற்றினால்தான் எக்ஸ்சேஞ்சில் எடுப்பான் என்று எதிர்ப்பக்கம். அப்பா நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு வருவார். தம்பி வாங்கிவிட்டான், அண்ணன் வாங்கவில்லை என்பது அவரையும் அரித்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது உலகத்தில் அரிப்பு எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

புதுப்பட்டினத்து மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டினார் அப்பா. அவர் பானெட்டைத் திறந்து, காதைச் சாய்த்துக் கேட்டு, டப்பென்று மூடினார்.

"இன்ஜின் கல்லு மாரி கீது சார். எவன் சொன்னான் மாத்த சொல்லி? பாடிக்குக் கீழ ஒரு தகடு வெச்சி அடிச்சா போதும், பத்து வருசம் ஓடும்."

அவரைப் போல ஒரு கெட்டவரை நான் பார்த்ததில்லை. அப்பா டீ குடிக்கப் போனதும் கிட்டப் போய்க் கேட்டேன்.

"அண்ணா, இது எப்போ கெட்டுப் போவும்?"

"நீ பெரியவளாயி கண்ணாலம் கட்டிக்கினு இதுலயே உன் மாமியா வூட்டுக்குப் போவே பாப்பா. கவலப்படாத." எனக்கு ஆறுதல் சொல்வதாக அவர் நினைத்துக்கொண்டார்.

நான் வேறு வழியில் இறங்கினேன். தினமும் அம்மா திருக்கழுக்குன்றம் போகும் வழியில் என்னைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டுப் போவாள். இனிமேல் வாசல் வேண்டாம், தண்ணீர் டேங்க் பக்கத்திலேயே இறக்கிவிடு என்றேன். டேங்கிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஐந்து நிமிட நடை. அம்மா ஏன் என்று கேட்கவில்லை. முதல் நாள் மட்டும், நான் கொஞ்ச தூரம் நடந்து திரும்பிப் பார்த்தபோது, வண்டி அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

அம்மா என் கட்சி என்றுதான் நான் உறுதியாக நம்பினேன். அந்த வண்டியை அவளைப் போலத் திட்டியவர்கள் யாருமில்லை. "மூதேவி", "தகர டப்பா", "ஓட்டைப் பானை" என்று காலையில் ஸ்டார்ட் ஆகும் வரை அர்ச்சனை நடக்கும். ஸ்டார்ட் ஆனதும் ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொடுப்பாள். திட்டுவதை மட்டும் நான் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

ஒரு ராத்திரி சாப்பாட்டில் அப்பாவின் முள் கொஞ்சம் என் பக்கம் சாய்ந்தது. "வாங்கறதுன்னா பழசக் குடுத்துடணும். ஒரு ஷெட்தானே இருக்கு" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "புதுசு வந்தா கொஞ்ச நாளைக்கு நீ எடுக்காதே. கைகியர் பழகின கை உனக்கு. எங்கயாச்சும் தேச்சிட்டா மனசு கேக்காது. சனி, ஞாயிறு நானே எடுக்கறேன். மத்த நாள் கவர் போட்டு வெச்சிடலாம்" என்றார்.

"ஸ்கூலுக்கு?"

"பஸ்தான் இருக்குதே. இப்போல்லாம் நேரத்துக்கு வருதாம்."

அம்மா மோர் ஊற்றினாள். எனக்கு அந்தப் பேச்சில் 'புதுசு வந்தா' என்ற இரண்டு வார்த்தைதான் காதில் விழுந்தது. அன்று இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் அம்மா ஒரு யோசனை சொன்னாள். "இப்படியே பேசிக்கினு இருந்தா ஆவாது. வெள்ளிக்கிழமை அம்மன்கிட்ட பூ வெச்சிக் கேட்டுடலாம். வெள்ளை வந்தா புது வண்டி. செவப்பு வந்தா பழைய வண்டி."

எங்கள் பக்கத்தில் கல்யாணம், வீடு மாற்றம் என்று எதிலாவது மனசு இரண்டுபட்டால் இப்படிச் செய்வார்கள். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் மடித்து, சாமி காலடியில் வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வருவது சாமி வாக்கு. அப்பாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் முடிவை வேறு யாராவது எடுப்பார்கள் என்றால் அது அம்மனாக இருந்தாலும் அவருக்குச் சம்மதம்தான். எடுக்கப் போகும் குழந்தை நான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. சாமியை நம்பி விடுகிற ஆள் இல்லை நான். வெள்ளைக்கு அம்மா வைக்கப் போவது மல்லிகை. சிவப்புக்கு வாசல் வேலியில் பூத்த அரளி. மல்லிகைக்கு வாசனை உண்டு. குனியும்போது மூக்கால் பார்த்துவிட்டுக் கையால் எடுக்க வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், திருக்கழுக்குன்றத்தில் மலைக்குக் கீழே இருக்கும் பெரிய கோயில். என் பழைய ரஃப் நோட்டுத் தாளில் மடித்த இரண்டு பொட்டலங்களைக் குருக்கள் வாங்கி அம்மன் பாதத்தில் வைத்து எடுத்து, தட்டில் போட்டு என் முன்னால் நீட்டினார். நான் பக்தியோடு கண்ணை மூடிக்கொண்டு ஆழமாக மூச்சை இழுத்தேன். இரண்டிலும் மல்லிகை வாசனை வந்தது. மடிக்கும்முன் அம்மா தலைக்குப் பூத் தொடுத்திருந்தாள், அந்தக் கைமணம் தாளெல்லாம் ஏறியிருந்தது. வேறு வழியில்லாமல் நானும் எல்லாக் குழந்தைகளையும் போல வலது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தேன்.

சிவப்பு.

என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. குருக்கள் அதைப் பரவசம் என்று நினைத்து எனக்கு ஒரு வாழைப்பழம் கூடுதலாகக் கொடுத்தார். "இன்னொண்ணையும் பிரிச்சிப் பாக்கலாமா?" என்றார் அப்பா, அளவுக்காரர் அல்லவா. அம்மா அதற்குள் அதைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். "எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக்கூடாது. தோஷம்." அப்படி ஒரு சாஸ்திரம் அதற்கு முன்னும் பின்னும் நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கால் கழுவப் போன நேரத்தில் கைப்பையைத் திறந்தேன். வெள்ளையை ஒரு முறை கண்ணாலாவது பார்த்து அழலாம் என்றுதான். பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே நசுங்கிய அரளி. அதிலும் சிவப்புத்தான்.

அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சமையலறை மேஜையில் பரீட்சைப் பேப்பரைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அதுலயும் செவப்புதான் இருக்கு."

அம்மாவின் சிவப்புப் பேனா நின்றது. தலை நிமிரவில்லை. "அப்பாகிட்ட சொல்லப் போறியா?"

நான் மேஜை விளிம்பை நகத்தால் சுரண்டினேன்.

"சொல்றதுன்னா சொல்லு. நீ டேங்க்கிட்ட இறங்கறதை நான் இன்னும் அப்பாகிட்ட சொல்லல."

என்னை மிரட்டுகிறாள் என்று நினைத்தேன். அவள் குரல் மிரட்டுகிற குரல் இல்லை என்பது இவ்வளவு வருடம் கழித்து நினைத்துப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. அம்மா கஞ்சத்தனத்தால் இப்படிச் செய்தாள் என்று தீர்மானித்துக்கொண்டு, மனசுக்குள் அவளோடு காய் விட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டாரும் நாங்களும் மாமல்லபுரம் போனோம். இரண்டு காரும் போயின. அவர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முன்னால் போக, நாங்கள் எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டுக்கொண்டு பின்னால் போனோம். அப்பா ஓட்டினார். கோயிலுக்கு அருகே காரை நிறுத்தும்போது சித்தப்பா தள்ளிப் போய் ஒரு மரத்தடியில் நிறுத்தினார். சித்தப்பா மகள் என் காதில் வந்து சொன்னாள். "உங்க வண்டி பக்கத்துல நிறுத்த வேணாம்னு நான்தான் அப்பாகிட்ட சொன்னேன். துரு ஒட்டிக்கும்."

துரு அப்படி ஒட்டாது என்று எனக்குத் தெரியும், அறிவியலில் படித்திருந்தேன். ஆனாலும் எங்கள் வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தேன்.

கடற்கரைக் கோயிலுக்கு எதிரே புல்லில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்தோம். அம்மா கொண்டுவந்த புளிச்சோறு, சித்தி சுட்டுக்கொண்டு வந்த வடை. சித்தப்பா வாழையிலையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"இன்னாண்ணா, வண்டிய எப்போ மாத்தப் போறே? நம்ம ஆளு ஷோரூம்ல கீறான். ஒரு போன் போட்டா போதும்."

"அம்மன் உத்தரவு தரல. பூ வெச்சிக் கேட்டோம். செவப்பு வந்துடுச்சி" என்றார் அப்பா. அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அதுதான் என்னைக் கொளுத்திவிட்டது.

"அம்மா ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புதான் வெச்சாங்க!" என்று கத்தினேன். "நான் பாத்தேன். வெள்ளையே வெக்கல. சாமிய ஏமாத்திட்டாங்க!"

பக்கத்து ஜமுக்காளத்தில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். சித்தப்பா மகளின் வாயில் வடை பாதியில் நின்றது. அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் முகம் காதுவரை சிவந்துவிட்டது. சொல்லியிருக்கக்கூடாது என்று தோன்றியது. தோன்றி என்ன பிரயோஜனம்?

"ஏங்க்கா?" என்று கேட்டது சித்தி.

அம்மா டிபன் பாக்ஸை மூடினாள். "வெள்ளை வந்திருந்தா திங்கக்கிழமைல இருந்து நான் மறுபடியும் பஸ்ஸுல தொங்கணும். வண்டி ஷெட்ல கவர் போட்டுக்கினு நிக்கும். அதான்."

"இத என்கிட்டயே சொல்லியிருக்கலாமே" என்றார் அப்பா.

"சொன்னா நீங்க வேணாம்னு சொல்ல மாட்டீங்க. 'பாக்கலாம்'னு சொல்வீங்க."

சித்தப்பா சிரிக்க வாயெடுத்தார். அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அப்பா எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தார். சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து, தம்பி எதிரிலேயே, அம்மா மடியில் வைத்தார்.

"நீயே எடுத்துக்கினு வா. நான் அவன் வண்டியில வர்றேன்."

அவ்வளவுதான். எங்கள் வீட்டில் புது வண்டிப் பேச்சு அத்தோடு முடிந்தது. அப்பாவுக்கு அப்படிக் கோபம், அந்த வண்டியைத் தொடக்கூட அவருக்குப் பிடிக்கவில்லை என்று நான் புரிந்துகொண்டேன். எல்லாம் என்னால்தான் என்று பயமாகவும் இருந்தது, அம்மாவுக்கு இது வேண்டும் என்றும் இருந்தது.

எல்லோருமாக எங்கள் வீட்டுக்குக் கிளம்பும்போது சித்தி, "நான் அக்காவோட வர்றேன்" என்றாள்.

"அதுல ஏசி கெடையாது. வெந்துடுவே" என்றார் சித்தப்பா.

"பரவால்ல."

"அப்போ பசங்க ரெண்டும் இதுல வரட்டும்."

இப்படித்தான் நான் ஆசைப்பட்ட இடத்தில் போய் உட்கார்ந்தேன். முன் சீட்டில் அப்பாவும் சித்தப்பாவும், பின் சீட்டில் நானும் சித்தப்பா மகளும். ஏசி ஜில்லென்று முகத்தில் அடித்தது. கதவை மூடியதும் கடல் சத்தம், ஆள் சத்தம் எல்லாம் நின்றுபோனது. பிளாஸ்டிக் உறை மட்டும் மொறுமொறுத்தது. சித்தப்பா மகள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, "எங்கம்மா எதுக்கு அந்த வண்டியில போறாங்க?" என்று இரண்டு முறை கேட்டாள். சித்தப்பா ஏசியை இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

நான் திரும்பி உட்கார்ந்து பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எங்கள் பச்சை வண்டி பின்னால் வந்துகொண்டிருந்தது. அம்மா ஓட்டினாள், சித்தி பக்கத்தில். இரண்டு பேருக்கும் முடி பறந்து முகத்தில் விழுந்தது. அம்மா ஏதோ சொன்னாள். சித்தி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். வீட்டில் காபி குடிக்கும்போது சிரித்த சிரிப்பு இல்லை இது. அம்மா கியரைத் தொட்டுக் காட்டினாள், சித்தி குனிந்து பார்த்தாள். எனக்கு வயிறு எரிந்தது. எதற்கு என்று விளங்கவில்லை. ஏசியில் உட்கார்ந்துகொண்டு, நானே இறங்கிவந்த ஓட்டை வண்டியைப் பார்த்து நான் ஏன் எரிய வேண்டும்?

கொஞ்ச தூரத்தில் பச்சை வண்டி பின்தங்கிக் கண்ணில் இருந்து மறைந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே அந்தக் காலத்தில் ரோட்டில் அவ்வளவு நடமாட்டம் இருக்காது. சவுக்குத் தோப்புக்குப் பக்கத்தில் நுங்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா அங்கே நிறுத்தினார். நுங்கு சாப்பிட்டு முடித்தும் அவர்கள் வரவில்லை. கடைசியில் தூரத்தில், நேர் ரோட்டில், பச்சையாக ஒரு புள்ளி தெரிந்தது.

வண்டி விக்கிக்கொண்டு வந்தது. நாலு முழம் குதித்தது, நின்றது. மறுபடி உறுமியது, குதித்தது, நின்றது. ஒரு சைக்கிள்காரர் அதைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. வண்டி கெட்டுப்போய்விட்டது! மெக்கானிக் தோற்றார், சிவப்புப் பூ தோற்றது, அம்மா தோற்றாள்.

"பாத்தியாண்ணா, மக்கர் பண்ணுது. நான் சொன்னப்போ கேட்டியா?" என்றார் சித்தப்பா.

அப்பா நுங்கு ஓலையை ஓரமாகப் போட்டார். வண்டியில் சின்னதாக ஒரு சத்தம் வந்தாலே சட்டையைக் கழற்றிவிட்டு அடியில் படுக்கிறவர், அன்றைக்கு இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. "வண்டிக்கு ஒண்ணும் இல்ல" என்றார். சிரித்த மாதிரி இருந்தது. இவருக்கு எவ்வளவு பிடிவாதம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

வண்டிக்கு உண்மையிலேயே ஒன்றும் இல்லை. ஓட்டியது சித்தி. ஆளில்லாத இடம் வந்ததும் அம்மா வண்டியை ஓரம் கட்டி இறங்கி, சித்தியை இந்தப் பக்கம் வரச் சொல்லியிருக்கிறாள். "எடு, இது ஏற்கெனவே நசுங்கின வண்டிதான்" என்றாளாம். சித்தியே என்னிடம் இதைச் சொன்னாள், பல வருடம் கழித்து, என் கல்யாணத்துக்கு முந்தின நாள் எனக்கு மருதாணி வைத்துக்கொண்டு. அவள் வாழ்க்கையில் கார் ஓட்டியது அந்த ஒரு தடவைதான்.

நுங்குக்காரரை நெருங்குவதற்குள், வண்டி நின்ற ஒரு தடவையில் அவர்கள் உள்ளுக்குள்ளேயே நகர்ந்து இடம் மாறிவிட்டார்கள். பச்சை வண்டி ஒரு குறையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்து நின்றது, ஸ்டீயரிங்கில் அம்மா. சித்தி இறங்கினாள். நெற்றிப் பொட்டு வியர்வையில் கரைந்து மூக்குவரை வழிந்திருந்தது. முகமெல்லாம் சிவந்து, கண் பளபளவென்றிருந்தது. அம்மாவும் அவளும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். பார்த்தால் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது.

அப்பா போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அசையவில்லை, இந்தக் காரிலேயே வருகிறேன் என்றேன். சித்தி புது காரின் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். சித்தப்பா ஏசியை அவள் பக்கம் திருப்பிவிட்டு, "நான்தான் சொன்னேனே, வெந்துடுவேன்னு" என்றார். சித்தி தன் இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் விரித்து வைத்து அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. பின்னாலிருந்து எட்டிக் கேட்டேன்.

"சித்தி, எங்க வண்டி ரொம்ப மோசமா?"

சித்தி திரும்பிப் பார்த்தாள்.

"உங்கம்மாவுக்கு ரொம்பக் குடுத்து வெச்சிருக்குடி" என்றாள்.

புது காரில் உட்கார்ந்துகொண்டு எங்களைக் கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். வீடு வந்து சேரும் வரை நான் சித்தியோடு பேசவே இல்லை.